இரண்டு குகையும் ஒரு டப்பும்

ஜூன் 3, செவ்வாய்

தொட்டிப் பதிவேட்டில் "இன்று வெள்ளை மீன்களுக்கு மனசு சரியில்லை" என்று எழுதியிருந்தேன். ஹபீபா மேடத்துக்குப் பிடிக்கவில்லை. "பிலோமினா, தண்ணியோட சூடு, தீனி, முட்டை எத்தனை, செத்தது எத்தனை. அவ்வளவுதான் பதிவேடு. மனசெல்லாம் வீட்டு நோட்டுல எழுதிக்குங்க" என்றார். வரும் வழியில் அயனாவரத்தில் இறங்கி இந்த நோட்டை வாங்கினேன்.

மேடம்தான் எங்கள் ஆய்வுக்கூடத்தின் தலைவர். நான் மீன் அறைக்குப் பொறுப்பு. ஒப்பந்த வேலை, வருடா வருடம் ஆகஸ்டில் கையெழுத்து. இங்கே வந்து ஆறு வருடம் ஆகிறது. அதற்கு முன் கொளத்தூரில் எங்கள் மொட்டை மாடியில் கலர் மீன் வளர்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் சூசை இன்னும் அதைத்தான் செய்கிறார். மீனைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்று சொன்னால் திமிர் என்பார்கள். இருக்கட்டும்.

இந்த மீனைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். மெக்சிகோ நாட்டு ஆறுகளில் விரல் நீளத்துக்கு ஒரு மீன். ரொம்ப காலத்துக்கு முன்னால் அதில் கொஞ்சம் குகைத் தண்ணீருக்குள் போய் மாட்டிக்கொண்டன. இருட்டிலேயே தலைமுறை தலைமுறையாகப் பிழைத்ததில் கண்ணும் போய்விட்டது, நிறமும் போய்விட்டது. ஆற்றில் தங்கிவிட்டவற்றுக்கு இன்றைக்கும் இரண்டும் இருக்கின்றன. ஆனாலும் இரண்டும் ஒரே இனம்தான். ஆற்று மீனையும் குகை மீனையும் சேர்த்து விட்டால் குஞ்சு பொரிக்கும்.

எங்களிடம் இரண்டு குகைகளின் மீன்கள் உள்ளன. மூன்றாம் தொட்டியில் பச்சோன் என்ற குகையின் மீன் பதினாறு, நான்காம் தொட்டியில் மொலினோ என்ற குகையின் மீன் பதினாறு. எல்லாம் ரோஸ் கலந்த வெள்ளை. பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். எனக்கு அப்படி இல்லை, நடையைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

ஜூன் 5, வியாழன்

பேச்சியம்மாள் இன்று எனக்கு நுண்ணோக்கியில் முட்டை காட்டினாள். அம்பாசமுத்திரத்துப் பெண். ஆராய்ச்சிப் பட்டத்துக்கு ஐந்தாவது வருடம். சாப்பிடும்போதுகூடக் கையுறையைக் கழற்ற மறக்கிற ஆள்.

"எக்கா, நல்லா பாருங்க. இதுக்குக் கண்ணு இருக்குல்லா?"

இருந்தது. குகை மீனின் குஞ்சு, பிறந்து ஒன்றரை நாள்கூட ஆகவில்லை. தலையின் இரண்டு பக்கமும் இரண்டு சின்ன வட்டம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு வருடமாக வளர்க்கிறேன், கண்ணே இல்லாமல் பிறக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

"எல்லாக் குஞ்சும் கண்ணு கட்டத்தான் தொடங்குது. பொறவு நடுவுல இருக்க லென்ஸு செத்துப் போவுது. அது செத்தா சுத்தி உள்ளதும் வளராது. கொஞ்ச நாள்ல தோலு மூடிக்கிடும். ஆத்து மீனுக்குச் சாவாம இருக்கது, இதுக்கு மட்டும் ஏன் சாவுதுன்னு கண்டுபிடிக்கதுதான் என் வேலை. ஒரு உடம்பு எப்படி உருவாவுது, அது காலப்போக்குல எப்படி மாறுதுன்னு இந்த ஒரு மீன வச்சே பாத்துரலாம்."

கருவின் நடுக்கோட்டிலிருந்து, எது எங்கே வளர வேண்டும் என்று ஒரு செய்தி வருகிறதாம். வெள்ளைகளில் அது ஜாஸ்தி. அதனால் வாய் பெரிதாகிறது, கண்ணுக்குச் சேர வேண்டியது குறைகிறது. பேச்சி ஒரு மருந்தில் முட்டைகளைச் சில மணி நேரம் ஊறவைத்து அந்தச் செய்தியைக் குறைக்கப் போகிறாள். கண் பிழைத்துக்கொண்டால் அவள் நினைத்தது சரி. ஆகஸ்ட் எட்டாம் தேதி, அவள் ஆராய்ச்சியை மதிப்பிடும் குழுவின் முன்னால் காட்ட வேண்டும். ஏற்கனவே இரண்டு முறை அவகாசம் வாங்கியாகிவிட்டது. இந்த முறை கையில் ஒன்றும் இல்லையென்றால் உதவித்தொகையை நிறுத்திவிடுவார்கள். ஐந்து வருடம் அப்படியே போகும்.

ஜூன் 12, வியாழன்

மதியம் பன்னிரண்டே காலுக்கு வாசலில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. ஜெனரேட்டர் ரிப்பேருக்குப் போயிருந்தது. மேடம் டெல்லியில், பேச்சி ஊரில் ஒரு கல்யாணத்தில். நான் மட்டும்தான்.

ஏசி நின்றுபோய் அறை அடுப்பாகிவிட்டது. அப்போதுதான் தீனி போட்டு முடித்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் வெள்ளைகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் மூன்று இருக்கிறது, ஓடியது ஒன்றுதான். ஆற்று மீன்கள் பெரிய தொட்டியில் ஆறே ஆறு, அவை தாங்கும். நீல பிளாஸ்டிக் டப்பைக் கழுவித் தண்ணீர் நிரப்பி, செய்ய வேண்டியதைச் செய்தேன். கொளத்தூரில் கரன்ட் போனால் எல்லா வீட்டிலும் செய்வதுதான். முதலில் உயிர், ரகமெல்லாம் அப்புறம் என்பார் சூசை.

மூன்றே முக்காலுக்கு கரன்ட் வந்தது. முப்பத்திரண்டும் உயிரோடு. மூன்றாம் தொட்டியில் பதினாறு, நான்காம் தொட்டியில் பதினாறு, எண்ணி விட்டேன். பதிவேட்டில் "மின்தடை, இறப்பு இல்லை" என்று எழுதினேன். மேடம் சொன்னபடி அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

ஜூன் 13, வெள்ளி

மேடம் டெல்லியிலிருந்து போன் செய்து, "ஒண்ணுகூடச் சாகலையா? நீங்க இல்லன்னா என்ன ஆகியிருக்கும்!" என்றார். வாழ்க்கையில் ஒரு முறைதான் இப்படிச் சொல்வார் போலிருக்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

மூன்றாம் தொட்டியின் தண்ணீரை நேற்று இரண்டு டிகிரி ஏற்றி வைத்தேன். காலையில் வந்து பார்த்தால் அடியில் போட்ட வலைக்குக் கீழே ஜவ்வரிசி கொட்டிய மாதிரி முட்டை. வலை இல்லாவிட்டால் போட்டவர்களே தின்றுவிடுவார்கள், தாய்ப்பாசம் அவ்வளவு. நானூற்றுச் சொச்சம். பேச்சி பாதியை மருந்தில் போட்டாள், பாதியை வெறும் தண்ணீரில். ஒப்பிட்டுப் பார்க்க.

சூசைக்குக் கப்பி என்ற கலர் மீனுக்கு ஒரு ஆர்டர் வந்திருக்கிறது. மாடித் தொட்டி இரண்டு ஒழுகுகிறது, சிமென்ட் பூச வேண்டும்.

ஜூலை 1, செவ்வாய்

பேச்சி ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். மருந்தில் ஊறிய குஞ்சுகளில் பதினொன்றுக்குக் கண் அப்படியே இருக்கிறது. ஏழாவது நாள்! இந்நேரம் சுருங்கி உள்ளே போயிருக்க வேண்டியது. நான் பார்த்தேன். சின்னதுதான், மிளகில் கால்வாசிகூட இல்லை. கறுப்பாக, வட்டமாக, உயிரோடு.

"எக்கா, அஞ்சு வருசம்! அஞ்சு வருசம்க்கா!" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. கேன்டீனில் இருந்த மைசூர்பாகு முழுவதையும் அள்ளிக்கொண்டு வந்தோம்.

ஜூலை 3, வியாழன்

வெறும் தண்ணீரில் இருந்த குஞ்சுகளிலும் ஒன்பதுக்குக் கண் இருக்கிறது.

மருந்தே படாதவற்றுக்கும் கண் இருந்தால் கண்ணைக் காப்பாற்றியது மருந்து இல்லை. பேச்சி முதலில் ஆற்று மீன் ஏதாவது உள்ளே புகுந்ததோ என்று பார்த்தாள். அப்படியென்றால் குஞ்சுக்கு நிறம் வந்திருக்கும். இவை சுத்த வெள்ளை. பிறகு தன் கையைச் சந்தேகப்பட்டாள். மருந்துத் தட்டில் வைத்த சொட்டுக் குழாயை மறதியாக மற்றதில் வைத்திருப்பாளோ என்று.

பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே என்னிடம் ஏதோ கேட்டாள். நான் வடிகட்டி கழுவிக்கொண்டிருந்தேன். பதில் சொன்னேன்.

ஜூலை 4, வெள்ளி

தலைவலி. சீக்கிரம் வந்துவிட்டேன். மீன் குழம்பு வைக்கவில்லை, ரசம்தான்.

ஜூலை 14, திங்கள்

பேச்சி எல்லாக் கண்ணாடிப் பாத்திரங்களையும் புதிதாக வாங்கி, மருந்து வேலையை ஒரு அறையிலும் வெறும் தண்ணீர் வேலையை இன்னொரு அறையிலும் வைத்து மறுபடி செய்தாள். ஒரு அறையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்முன் குளிக்காத குறையாகக் கை கழுவுகிறாள். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்துவிட்டது. தேங்காய் எண்ணெய் கொடுத்தேன்.

இரண்டு அறையிலும் கண் இருக்கிறது. மேடம் கோபத்தில், "இவ்வளவு அஜாக்கிரதையான கையை வச்சிக்கிட்டு நீ எப்படிக் குழு முன்னாடி நிப்பே?" என்று கேட்டார். பேச்சி மறுபடி கை கழுவப் போனாள். எனக்குத்தான் மேடத்தின் மேல் எரிச்சல் வந்தது. அந்தப் பெண்ணின் கை மாதிரி சுத்தமான கை இந்தக் கட்டிடத்திலேயே கிடையாது. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு தட்டிலிருந்தும் இரண்டு குஞ்சு எடுத்துக் குப்பியில் பதப்படுத்தி, தேதியும் மணியும் எழுதி அடுக்குகிறாள். கெட்டுப்போனது என்று தெரிந்த தட்டிலிருந்தும்கூட.

ஜூலை 19, சனி

விடுமுறைதான். இருந்தாலும் தீனி போட யாராவது போக வேண்டுமே.

வால் நுனி கிழிந்த மீன் ஒன்று உண்டு. மூன்றாம் தொட்டிக்காரன், பச்சோன். இன்று அவன் நான்காம் தொட்டியில் இருந்தான். சரி, வால் எந்த மீனுக்கும் கிழியும். மாதாவே, இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன்.

ஜூலை 22, செவ்வாய்

மூன்றாம் முறையும் அதேதான்.

ஜூலை 25, வெள்ளி

சாப்பிடும்போது சூசை கேட்டார்: "இன்னா பிலோ, ஒரு மாசமா மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு கீற? மேடம் எதுனா சொன்ச்சா?"

நான் பொதுவாகக் கேட்கிற மாதிரி கேட்டேன். கரன்ட் போன அன்னிக்கு எல்லாத்தையும் ஒரே டப்புல கொட்டிட்டு, அப்புறம் எப்படிப் பிரிப்ப என்று.

"இது ஒரு கேள்வியா? செவப்பு செவப்போட, கறுப்பு கறுப்போட. கலரப் பாத்துப் பிரிக்க வேண்டியதுதான்."

"எல்லாம் ஒரே வெள்ளயா இருந்தா?"

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். முப்பது வருடம் மீன் வளர்த்தவர், புரிந்துகொள்ள நேரமா ஆகும்.

"அய்ய... பிலோ! அத சொல்ட்டியா அவங்களாண்ட?"

நான் எழுந்து கை கழுவப் போய்விட்டேன். ஆகஸ்டில் கையெழுத்து. மாடியில் வருகிற வருமானம் கரன்ட் பில்லுக்கே சரியாக இருக்கிறது. இதெல்லாம் அவருக்கும் தெரியும். அதனால்தான் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஜூலை 28, திங்கள்

சொல்லிவிட்டேன்.

காலையில் பேச்சி மீன் அறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். கையில் ஒரு கடிதம். தன் கவனக்குறைவால் சோதனைகள் நம்பத் தகுந்தவை அல்ல, ஆராய்ச்சியிலிருந்து விலகிக்கொள்ள அனுமதிக்க வேண்டும் என்று குழுவுக்கு எழுதியிருந்தாள். "என் கைக்கு இது வராதுக்கா. ஊர்ல போயி பள்ளிக்கூடத்துல பாடம் எடுக்கேன். அங்கன எதையும் கெடுக்க முடியாதுல்லா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

"கைய கொற சொல்லாத பேச்சி. உன் கையில ஒண்ணும் இல்ல. கலந்துட்டது நானு."

ஜூன் பன்னிரண்டாம் தேதி நடந்ததைச் சொன்னேன். இரண்டு தொட்டியையும் ஒரே டப்பில் கொட்டியது, கரன்ட் வந்ததும் எனக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில் நடையைப் பார்த்துப் பிரித்தது, பாதியிலேயே எனக்குத் தெரியவில்லை என்று புரிந்தது, அப்புறம் பதினாறு பதினாறாக எண்ணி விட்டது. அன்றைக்கு இதை எழுதவில்லை. இன்று எழுதுகிறேன்.

அவள் எழுந்து போய்ப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினாள்.

"நான் கேட்டேன்லா? மூணாந்தேதி. தொட்டி எதுவும் மாறிச்சான்னு கேட்டேன்லா?"

"கேட்ட."

"இல்லன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

அதுதான் நான் சொன்ன பதில். வடிகட்டி கழுவிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல், ஒரு சின்ன "இல்லம்மா". அந்த ஒரு வார்த்தையால் இந்தப் பெண் இருபத்தைந்து நாள் தன் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருக்கிறாள். எனக்கு இன்று என்னைப் பார்க்கவே வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 29, செவ்வாய்

மேடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. "ஒரு வரி, பிலோமினா. பதிவேட்டுல ஒரே ஒரு வரி எழுதியிருந்தா போதும்" என்றார். அப்புறம் திடீரென்று நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "பேச்சி, அந்தக் குப்பிகளைத் தூக்கிப் போட்டுட்டியா?" என்று கேட்டார்.

"எல்லாம் இருக்கு மேடம்."

"வெறும் தண்ணியில வளந்ததும்?"

"எல்லாத் தட்டும், ஆறு மணி நேரத்துக்கு ஒரு குப்பி."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பேசியது எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன். இரண்டு குகையிலும் கண் போனது ஒரே காரணத்தால் இல்லை. பச்சோனில் பழுதானது வேறு, மொலினோவில் பழுதானது வேறு. கலந்து பிறந்த பிள்ளைக்கு அப்பா பக்கம் கெட்டது அம்மா பக்கம் நன்றாக இருக்கும், அம்மா பக்கம் கெட்டது அப்பா பக்கம் நன்றாக இருக்கும். எங்கள் வீட்டில் மோட்டார் போன மிக்ஸியும் ஜார் உடைந்த மிக்ஸியும் இருந்தன, இரண்டையும் வைத்து சூசை ஒன்றை ஓடவைத்தார். அது மாதிரி. ஆனால் நிறம் மட்டும் இரண்டிலும் ஒரே இடத்தில் கெட்டிருக்கிறது, அதனால்தான் குஞ்சுகள் வெள்ளையாகவே பிறந்திருக்கின்றன.

இரண்டு குருட்டு மீனுக்குப் பார்வையுள்ள பிள்ளை பிறக்கும் என்பது வெளிநாட்டில் முன்பே காட்டியதுதானாம். "ஆனா சாக வேண்டிய லென்ஸ் எந்த மணி நேரத்துல சாகாம நிக்குதுன்னு இப்படி ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் யாராவது எடுத்து வச்சிருக்காங்களான்னு எனக்குத் தெரியல. உன் அலமாரியில இருக்கு" என்றார் மேடம்.

பேச்சி கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். கிழிக்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

குழுவில் என்ன நடந்தது என்று மேடம்தான் வந்து சொன்னார். யார் பெற்றோர் என்றே தெரியாத குஞ்சை வைத்து ஒன்றும் பேச முடியாது என்றார்களாம். ஆனால் நிறுத்தவில்லை. தெரிந்த பெற்றோரை வைத்து மறுபடி இனம் சேர்த்து, பிறந்தது உண்மையிலேயே பார்க்கிறது என்று அக்டோபருக்குள் காட்ட வேண்டும். கண் இருந்தால் மட்டும் போதாது, பார்க்க வேண்டும். காட்டினால் ஒரு வருடம் கொடுப்பார்கள். இல்லையென்றால் அவ்வளவுதான்.

என் ஒப்பந்தத்தில் வருடத்துக்குப் பதில் மூன்று மாதம் போட்டிருந்தது. நியாயம்தான். கையெழுத்துப் போட்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

முப்பத்திரண்டு மீனையும் முப்பத்திரண்டு கிண்ணத்தில் தனித்தனியாகப் பிரித்து வைத்தாயிற்று. ஒவ்வொன்றின் வாலிலும் கடுகளவு வெட்டிப் பேச்சியிடம் கொடுத்தேன். அதைச் சோதித்தால் எது எந்தக் குகை என்று தெரிந்துவிடும். வால் பத்து நாளில் வளர்ந்துவிடும், மீனுக்குக் கவலை இல்லை.

தினமும் முப்பத்திரண்டு கிண்ணத்துக்குத் தண்ணீர் மாற்ற வேண்டும். முதுகு விட்டுப்போகிறது. நான் யாரிடமும் சொல்லப் போவதில்லை.

பேச்சி என்னை "பிலோமினா மேடம்" என்று கூப்பிடுகிறாள். "பிலோமினா மேடம், பதினேழாம் நம்பர் குடுங்க." ஒரு மரியாதைக் குறைவும் இல்லை. இதற்குப் பதில் கன்னத்தில் இரண்டு அறை கொடுத்திருக்கலாம்.

ஆகஸ்ட் 20, புதன்

முடிவு வருவதற்கு முன்னால், எது பச்சோன் எது மொலினோ என்று நான் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். நடையைப் பார்த்து, ஆற அமர. இன்று முடிவு வந்தது. ஒப்பிட்டுப் பார்த்தேன். முப்பத்திரண்டில் பதினெட்டு சரி. கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருந்தாலும் பதினாறு வந்திருக்கும். ஆறு வருடத்து அனுபவத்துக்கு இரண்டே இரண்டு மீன்.

தாளைப் பேச்சியிடம் காட்டினேன். வாங்கிப் படித்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்கினாள் என்றுதான் நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

நான்கு ஜோடி சேர்த்தோம், ஒவ்வொன்றிலும் ஒரு குகைக்கு ஒன்று. இரண்டு ஜோடி முட்டை போட்டது. பதிவேட்டில் இந்த முறை நான் அரைப் பக்கம் எழுதினேன், எந்தக் கிண்ணத்திலிருந்து எந்தக் கிண்ணத்துக்கு, எந்த வலையால் என்பது வரைக்கும். மேடம் பார்த்துவிட்டு, "வலையோட கலர் வேண்டாம்" என்றார்.

செப்டம்பர் 6, சனி

முதல் ஜோடியின் குஞ்சுகள் நூற்றிருபதும் பூஞ்சை பிடித்துப் போய்விட்டன. என்ன செய்தும் நிற்கவில்லை. மீதி இருப்பது ஒரு ஜோடியின் குஞ்சுகள்தான், எழுபது. வீட்டுக்கு வந்தும் எதுவும் இறங்கவில்லை.

விஷயத்தைக் கேட்டதும் சூசை மாடிக்குப் போய் ஒரு கை பாதாம் இலைச் சருகு கொண்டுவந்தார். பூஞ்சைக்கு நாங்கள் தொட்டியில் போடுவது. மேடத்திடம் முதலில் போனில் கேட்டேன். எழுதிக் கொடுங்கள், பார்க்கலாம் என்றார். கேட்டுச் செய்வது இவ்வளவு சுலபம் என்று இத்தனை நாள் தெரியவில்லை. முதலில் ஐந்து குஞ்சுக்குப் போட்டுப் பார்த்து, பிறகு எல்லாவற்றுக்கும் போடலாம் என்று முடிவு.

செப்டம்பர் 16, செவ்வாய்

அறுபத்து மூன்று இருக்கின்றன. தேறிவிட்டன.

நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது அடுத்த அறையிலிருந்து சத்தம் வந்தது: "எக்கா, புழு தீந்துட்டு! குஞ்சுக்கு என்னத்தப் போட?"

கொண்டுபோய்க் கொடுத்தேன். திரும்பி வந்து கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

ஒரு மீன் பார்க்கிறதா என்று அதனிடம் கேட்க முடியாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. கிண்ணத்தைச் சுற்றிக் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட வளையத்தைச் சுழற்ற வேண்டும். கண் தெரிகிற மீன் கோடு போகிற பக்கமே தானும் போகும், ரயிலோடு கூட ஓடுகிற மாதிரி. தெரியாத மீன் தன் போக்கில் திரியும். பேச்சி பிரியாணி பக்கெட் ஒன்றின் அடியை வெட்டியெடுத்து உள்ளே கோடு ஒட்டியிருந்தாள். அவள் நேரம் குறிக்க வேண்டியிருந்ததால் சுற்றுகிற வேலை எனக்கு வந்தது. மேடம் கேமராவுக்குப் பின்னால் நின்றார்.

அறுபத்து மூன்றில் கண் வெளியே தெரிந்தவை பத்தொன்பதுதான். ஆனாலும் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சோதித்தோம். முதல் மீன், ஒன்றும் இல்லை. இரண்டாவது, ஒன்றும் இல்லை. பத்தாவதுக்கு நல்ல பெரிய கண், நான் இன்னும் மெதுவாகச் சுற்றினேன். அது பாட்டுக்குக் கிண்ணத்தின் அடியை முகர்ந்துகொண்டு திரிந்தது. கண் இருக்கிறது, பார்வை இல்லை. இருபது, முப்பது. பேச்சி மீதி மீன்களை எண்ண ஆரம்பித்தாள். மேடம், "இன்னும் இருக்கு, அவசரப்படாத" என்றார்.

முப்பத்தெட்டாவது மீனை விட்டேன். பக்கெட்டை வலப்பக்கம் மெதுவாகச் சுற்றினேன். மீன் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு வலப்பக்கம் திரும்பி நீந்தியது. தற்செயலாக இருக்கும் என்று நினைத்தேன். இரண்டு சுற்று, மூன்று சுற்று, அது கூடவே வந்தது.

"இடப்பக்கம் சுத்துங்கக்கா" என்றாள் பேச்சி.

நிறுத்தி, இடப்பக்கம் சுற்றினேன். மீன் நின்றது. திரும்பியது. இடப்பக்கம் வந்தது.

மேடம், "இன்னொரு தரம்" என்றார். வலம் சுற்றினேன், வலம் வந்தது. பேச்சி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலத்துக்குள் நான்கு மீன்கள் அப்படி வந்தன. அறுபத்து மூன்றில் நான்கு. குழுவுக்கு இது போதும் என்றார் மேடம். பேச்சிக்கு ஒரு வருடம் உறுதி. கடிதம் இன்னும் பையில்தான் இருந்ததாம். அதை எடுத்து, பின்பக்கத்தில் நான்கு மீன்களின் எண்ணையும் குறித்துக்கொண்டாள்.

எல்லாம் முடிந்து முப்பத்தெட்டாவதை அதன் தொட்டிக்கு மாற்றப் போனேன். கிண்ணத்தின் மேல் கையை நீட்டியதும் அது சட்டென்று விலகி எதிர்ப்பக்கம் ஓடியது. தண்ணீரை நான் தொடவே இல்லை. கையை எடுத்தேன், நின்றது. மறுபடி நீட்டினேன், மறுபடி ஓடியது.

"என்னக்கா, பயப்படுதா?" என்றாள் பேச்சி தரையிலிருந்தே.

"ஆமாம்மா" என்றேன். "என்ன பாத்து பயப்படுது."

இந்த வெள்ளைகளில் என்னைப் பார்த்த முதல் மீன் அதுதான். நான் அங்கேயே நின்று, அது பழகட்டும் என்று, கையை அசைக்காமல் வைத்திருந்தேன்.